வீடுகளின் எண்ணிக்கையும் உறுதியும்: பம்பாய் காட்டும் வரலாறு

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு முதற்கவலை வேலை. அடுத்த கவலை வீடு. வீடுகள் போதா என்னும் குரல் எழும்போதெல்லாம், விரைவாகவும் மலிவாகவும் கட்டிவிடும் ஆர்வமும் உடன் எழுகிறது. அதன் பயன் யாது என்பதைத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறிய பம்பாயின் வரலாற்றில் காணலாம்.

1896ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கிற்று. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் நோய் விரைந்து பரவியது. 1898இல் அரசாங்கம் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவிற்று. அது வகுத்த தாதர்-மாதுங்கா திட்டத்தில் அகன்ற தெருக்களும் திறந்த வெளிகளும் அமைந்தன. பிற்காலத்தில் தென்னிந்தியர் பலர் மாதுங்காவில் குடியேறினர். ஆனால் அங்கே இடம்பெற்றோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. ஆலைத் தொழிலாளரின் இன்னல் தீரவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் நெருக்கடி முற்றியது. ஜார்ஜ் லாயிடு கவர்னராயிருந்த காலத்தில், 1920இல், பம்பாய் அபிவிருத்தி இலாகா தோன்றிற்று. தொழிலாளருக்கு 50,000 ஒற்றையறைக் குடியிருப்புகள் கட்டுவது அதன் நோக்கம். செலவுக்காக, நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி விதித்தனர். வர்ளி, நைகாம், டிலைல் சாலை, சிவ்டி ஆகிய இடங்களில் மும்மாடிக் கான்கிரீட்டுக் கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் எண்பது அறைகள். குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள்; கழிப்பறையோ பொது. 207 கட்டடங்களுடன் திட்டம் நின்றது. இலக்கில் மூன்றிலொரு பங்கே நிறைவேறியது. கட்டியவற்றிலும் பல அறைகள் 1920களில் ஆளின்றிக் கிடந்தன. 1930இல் வர்ளிக் கட்டடங்கள் சில, சட்டமறுப்பு இயக்கத் தொண்டர்களை அடைக்கும் சிறையாயின. வீடு தேடுவோர் பல்லாயிரவர் இருக்க, வீடென்று கட்டியவை சிறையாகப் பயன்பட்டதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய நகரின் தனியார் சால்களுக்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையை உயரவிடாது நிறுத்தியது. குடியிருந்தோர் காப்பாற்றப்பட்டனர், ஆனால் பழுதுபார்ப்பதில் உரிமையாளருக்கு நாட்டம் குறைந்தது. மழைக்காலந்தோறும் கட்டடங்கள் சரிந்தன. 1969இல் பழுதுபார்ப்புக்கெனச் சட்டம் இயற்றி, பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் மீது தனி வரி விதிக்க நேர்ந்தது.

கான்கிரீட்டும் காவலின்றி நிலைப்பதில்லை. உப்பு கலந்த மணலும் கடற்காற்றும் உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவின் வழியே மேலும் நீர் புகும். மேற்பூச்சு இதனைச் சிலகாலம் மறைக்குமேயன்றித் தடுக்காது.

அபிவிருத்தி இலாகாவின் கட்டடங்களை இடித்துப் புதுவீடுகள் கட்டும் பணி 2017இல் தொடங்கிற்று. 160 சதுர அடியில் வாழ்ந்த குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடுகள் என்பது ஏற்பாடு. மகிழ்ச்சிக்குரியதே. எனினும், புதுவீடுகள் எத்தனை எழுந்தன என்று கேட்கும் நாம், எவ்வகை மணலால் எழுந்தன, மழைநீர் எங்கே வடிகிறது, ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். வாழ்நாட் சேமிப்பை ஒரு வீட்டில் இடும் குடும்பத்துக்கு இவ்வினாக்கள் மிகையல்ல.