சுற்றுலா வழிகாட்டியும் சென்னை நகரின் வரலாறும்

வன்னிப் பகுதியிலிருந்து சென்னை நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகவே செல்கின்றனர்: மருத்துவம், தல யாத்திரை, திருமணச் சேலை. இவற்றுள் எதற்காகச் சென்றாலும், ஊர் திரும்புமுன் ஒரு நாளேனும் நகரைச் சுற்றிப் பார்க்காது வருவாரில்லை. வாடகைக் கார் ஒன்றையும் அதனோடு ஒரு வழிகாட்டியையும் அமர்த்திக் கொண்டால், காலையில் கோட்டையிலே தொடங்கி மாலையில் பட்டுச்சேலைக் கடையிலே முடியும் ஒரு பயணம் கிடைத்துவிடுகின்றது.

இதில் வரலாற்று ஆராய்ச்சிக்கு என்ன இடமிருக்கின்றது என்று கேட்கலாம். பாடநூலில் ஒரு மன்னனின் பெயர் விடுபட்டால் அதைப் பற்றி நாம் மாதக்கணக்கில் வாதிடுகின்றோம். ஆனால் பாடநூலை மறந்துவிட்ட வயதிலே, காசு கொடுத்து மனமுவந்து மக்கள் கேட்கும் வரலாறு வழிகாட்டியின் வாயிலிருந்து வருவதே. அவர் எங்கே காரை நிறுத்துகின்றார், எங்கே நிறுத்தாமற் செல்கின்றார் என்பதில் ஒரு முழுமையான வரலாற்று நோக்கு அடங்கியிருக்கின்றது. அதை அவர் தாமாக உண்டாக்கிக் கொள்ளவில்லை. அவர் கைக்கு அது வழிவழியாக வந்து சேர்ந்தது.

இன்றைய பாணியிலான சுற்றுலா என்ற தொழிலின் தோற்றம் நாம் நினைப்பதுபோலச் செல்வரின் பொழுதுபோக்கிலே நிகழவில்லை. 1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி, தோமஸ் குக் என்னும் மதுவிலக்குப் பிரசாரகர், இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலிருந்து லப்பரோ நகருக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். பத்து ஆண்டுகளின் பின், 1851இல், இலண்டன் மாநகரப் பெருங் கண்காட்சிக்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறைந்த செலவில் அவர் அழைத்துப்போனார். அவர்களிற் பலர் தொழிலாளர். உழைக்கும் மனிதனும் உலகைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அத்தொழிலின் பிறப்பிலேயே இருந்தது. அது இந்தியாவை வந்தடைந்தபோது நிலைமை வேறு. 1859இல் இலண்டன் ஜோன் மறே பதிப்பகம் இந்தியாவுக்கான கைநூலை வெளியிட்டது; அதன் முதற் பாகம் சென்னை மாகாணம் பற்றியது. வாசகர் யாரெனில் வெள்ளை உத்தியோகத்தரும் அவர்தம் விருந்தினருமே. அவர்கள் காண விரும்பியவை தம் முன்னோர் வென்ற களங்கள், கட்டிய கோட்டைகள், வழிபட்ட தேவாலயங்கள், நாட்டிய சிலைகள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நகரின் வழித்தடம் பெரிதும் மாறவில்லை. கோயில்கள் சில கூடின, பட்டுக்கடை கூடிற்று, அவ்வளவே.

வழிகாட்டிக்கு முன்னோடி ஒருவர் சென்னையிலேயே உண்டு, அவர்தாம் துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட, மசூலாப் படகோட்டிகள் பயணிகளை அலைகளினூடே கரைசேர்ப்பர். கரையிலே காலூன்றும் புதிய கம்பனி ஊழியனை வரவேற்க துபாஷிகள் காத்து நிற்பர். வீடு, வேலையாள், பல்லக்கு, வட்டிக்குக் கடன் என யாவும் அவர் வழியாகவே. நாட்டைப் பற்றி அவ்விளைஞன் முதலில் அறிந்தது துபாஷி அறிவிக்க விரும்பியதையே. துபாஷிகளிற் சிலர் பெருஞ்செல்வராயினர், கோயில் கட்டினர், தெருக்களுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றனர். அலையோடு போராடி அதே இளைஞனை உயிரோடு கரையேற்றிய படகோட்டிக்கு அப்படியொரு பேறு கிட்டவில்லை.

இனிக் கோட்டைக்குள் புகுவோம். 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் நிலம் பெற்றதையும், பிரான்சிஸ் டேயின் பெயரையும், 1680இல் கட்டி முடிந்த புனித மரியாள் தேவாலயத்தையும், 1753இல் அங்கே றொபேட் கிளைவ் மணம் முடித்ததையும் வழிகாட்டிகள் பிழையின்றிச் சொல்வர். நான் சென்ற நாளில் வழிகாட்டி கிளைவின் மணமகள் பெயரைக்கூடச் சொன்னார். ஆனால் இலங்கையிலிருந்து வந்தோருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அக்கோட்டையில் உண்டு. 1795இலும் 1796இலும் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய படைகள் சென்னை அரசாங்கம் அனுப்பியவை. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் 1795இல் வீழ்ந்தன. மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு. அதன் பின் 1798இல் பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியாக வந்திறங்கும்வரை எமது கரையோரத்தை ஆண்டது இந்தப் புனித ஜோர்ஜ் கோட்டைதான். சென்னையிலிருந்து வருமான அதிகாரிகள் வந்தனர். அவர்களோடு அமில்தார்களும் துபாஷிகளும் வந்தனர். பழைய தலைமைக்காரர் ஒதுக்கப்பட்டனர். தென்னை மரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்த அதிகாரிகள் எமக்கு அந்நியராகத் தோன்றியதற்கு மொழி காரணமன்று. அவர்களுடன் வந்தவர்களிற் பலர் தமிழ் பேசியவர்களே. ஒரே மொழி பேசுவோர் யாவரும் ஒரே பக்கத்தில் நிற்பர் என்று நம்புவோர் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

1803இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்றதும் இதன் தொடர்ச்சியே. அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல், தோற்கடித்தவன் பெயரை எழுவாயாகவும் தோற்றவன் பெயரைச் செயப்படுபொருளாகவும் வைத்தே பேசியது. சென்னை நகரின் கற்களும் அதே இலக்கணத்தைத்தான் கற்றிருக்கின்றன.

கோட்டைக்கு வடக்கே உயர்நீதிமன்றம். 1892இல் திறக்கப்பட்ட அதன் சிவந்த மாடங்களின் அழகில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நிலம் வெற்று நிலமாகக் கிடந்ததன்று. நெசவாளரும் வணிகரும் கூலியாட்களும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இவ்வெளியிலேதான் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் கோட்டையை அடுத்த வீடுகளை இடித்தனர். 1749இல் நகரை மீளப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டைப் பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டுமென்று எஞ்சியவற்றையும் அகற்றினர். சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பின்னர் அது பூக்கடைப் பகுதியில் வேறாகக் கட்டப்பட்டது. இவ்வெல்லைக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் நாட்டிய தூண்களுள் ஒன்று பாரிமுனையருகில் இன்றும் நிற்கின்றது. கார் அதைக் கடந்து செல்ல நாலு விநாடி போதும். புதிய கறுப்பர் நகருக்குக் கம்பனி மதில் கட்டியது. செலவை அங்கு வாழ்ந்தோரிடமே வரியாக அறவிட முயன்றது. வரி வசூலாகவில்லை. ஆயினும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தெருவில் ஒட்டிக்கொண்டது. பின்னர் கறுப்பர் நகரமே ஓர் ஆங்கில மன்னரின் பெயரை ஏற்று ஜோர்ஜ் ரவுன் ஆயிற்று.

தீவுத்திடலருகே தோமஸ் மன்றோவின் சிலை. வழிகாட்டிகள் அனைவரும் தவறாது நிறுத்தும் இடம் இது. சொல்லும் கதையும் ஒன்றே. குதிரையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை, சிற்பி மறந்துவிட்டான் என்பார்கள். கேட்போர் சிரிப்பார்கள், படம் பிடிப்பார்கள். 1839இல் நிறுவப்பட்ட இச்சிலையைச் செய்த பிரான்சிஸ் சான்ற்றி, இலண்டன் திரபல்கார் சதுக்கத்திலுள்ள நாலாம் ஜோர்ஜ் மன்னரையும் இவ்வாறே வெறுங் குதிரையில் அமர்த்தியவர். அது அவர் விரும்பிக் கையாண்ட பாணி. மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

குதிரையின் அங்கவடி பற்றி ஐந்து நிமிடம் பேசுகின்ற நாம், அதன்மேல் அமர்ந்தவன் தென்னாட்டு உழவனின் வாழ்வில் செய்த மாற்றம் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. மன்றோவின் பெயரோடு பிணைந்தது இரயத்துவாரி முறை. அவர் சென்னைத் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1820 முதல் அது மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விதியாயிற்று. வயல் ஒவ்வொன்றும் அளக்கப்பட்டது, தரம் பிரிக்கப்பட்டது, பட்டாதாரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அரசுக்கு நேரே பணமாக வரி கட்ட வேண்டும் என்றாயிற்று. மன்றோ கொடியவரல்லர். வரி மிகையென்றும் கால் பங்கைக் குறைக்க வேண்டுமென்றும் 1807இலேயே எழுதியவர் அவர். கம்பனி அப்போது அதற்கு இணங்கவில்லை. 1827இல் பயணத்தின்போது வாந்திபேதியால் இறந்த அவர்பால் உழவர் பலர் உண்மையாகவே அன்பு கொண்டிருந்தனர். ஆனால் நல்லெண்ணத்தை வைத்து ஒரு முறைமையை எடைபோட முடியாது. மழை பொய்த்த ஆண்டிலும் வரி பணமாகவே கேட்கப்பட்டது. பணத்துக்கு வட்டிக்கடைக்காரனிடம் போக நேர்ந்தது. பட்டா பெற்றவன் நிலம் உடையவனானான். அந்த நிலத்திலே சேற்றில் நின்ற பள்ளரும் பறையரும் பட்டா ஏட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. மன்றோ மறந்தவர்கள் இவர்களே. அங்கவடியைத் தேடுவோர் இவர்களைத் தேடுவதில்லை.

சிலைகள் அசையாதவை என்ற எண்ணத்தைச் சென்னை மக்கள் ஒருமுறை பொய்ப்பித்திருக்கின்றனர். 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரப் பழிவாங்கலை நடத்திய கேணல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் இளைஞர்கள் அதை அகற்றக் கோரி மறியல் செய்து சிறை சென்றனர். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை அதை எழும்பூர் நூதனசாலைக்கு அனுப்பியது. நூதனசாலை சுற்றுலாப் பட்டியலில் உண்டு. ஆனால் நடராசர் வெண்கலச் சிலைகளைக் கண்டவுடன் நேரம் முடிந்துவிடுகின்றது.

மெரீனாக் கடற்கரையில் தேசாதிபதி கிராண்ட் டவ் 1884இல் அமைத்த உலாவு பாதையைப் பற்றி அறியாதோர் இல்லை. அக்கரையிலே தேவிபிரசாத் ராய் சௌதுரி வடித்து 1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையும் உண்டு: நாலு மனிதர் ஒரு பாறையை நெம்புகின்றனர். அவர்களுக்குப் பெயர் இல்லை. இந்தச் சிலை ஏன் இங்கே நிற்கின்றது என்று விளக்கத் தொடங்கினால் 1923 மே முதல் நாளைச் சொல்ல வேண்டும். அன்று சிங்காரவேலர் ஏற்பாட்டில், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரான கடற்கரையிலும் இரு கூட்டங்கள் நடந்தன. இந்தியாவில் முதன்முதல் மே தினம் கொண்டாடப்பட்டது அங்குதான். அதைச் சொன்னால் 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக வாடியாவும் திரு.வி.க.வும் பிறரும் அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தைச் சொல்ல வேண்டும். 1921இல் அங்கு மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தையும், துப்பாக்கிச் சூட்டையும், ஆதிதிராவிடத் தொழிலாளரும் ஏனையோரும் ஒருவர் குடிசையை ஒருவர் எரிக்கும் நிலைக்குப் பிளவுண்டதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். முதலாளியின் தந்திரம் என்று மட்டும் கூறி அப்பிளவைக் கடந்துவிடுவது எம்மவரின் வழக்கம். சாதி அங்கே ஏற்கெனவே இருந்தது. தந்திரத்துக்கு அது வாய்ப்பாயிற்று. பெரம்பூருக்கு எந்த வழிகாட்டியும் வண்டியைத் திருப்புவதில்லை. ஆலையும் இப்போது இல்லை.

வழிகாட்டியைக் குறை சொல்வது எளிது. அவர் நாட்கூலிக்கு உழைக்கின்றவர். சேலைக்கடையிலிருந்து கிடைக்கும் சிறு தரகு இல்லாவிடில் அன்றைய கூலி வீட்டுக்குப் போதாது. பயணிகள் கேட்பதை அவர் சொல்கின்றார். கேட்க வேண்டியதை எமது மாணவருக்குக் கற்பிக்காதிருப்பது ஆசிரியராகிய எம்மைச் சார்ந்தது.

நகரின் நடுவே கறுத்த நீரோடு கிடக்கின்ற பக்கிங்காம் கால்வாயைக் காரிலிருந்து காட்டி, இது யார் வெட்டியது என்று கேட்டேன். பக்கிங்காம் பிரபு வெட்டியது என்றார் வழிகாட்டி. பிரபு தேசாதிபதியாயிருந்தார் என்பது உண்மை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறக்குறைய ஐந்து மைல் நீளத்தை, 1877–78இல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியவர்கள் பசியால் கிராமங்களைவிட்டு வந்த உழவரும் பெண்களுமாவர். 1877 சனவரி முதல் நாள் டில்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதே மாதம் சேர் றிச்சட் டெம்பிள், சென்னை மாகாண நிவாரண வேலைத்தலங்களில் ஒரு வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதாடினார். அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பது ஆய்வாளர் கணிப்பு. பறக்கும் இரயிலின் தூண்கள் இன்று அக்கால்வாயின் படுகையிலேயே ஊன்றி நிற்கின்றன.

கால்வாய்க்கு வந்தோர் ஒரு பகுதியினர். வேறொரு பகுதியினர் அதே ஆண்டுகளில் கங்காணியின் பின்னே கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் மேற்கு ஓரக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நூறு மைலுக்கும் மேலாக நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் பட்டினியாலும் விழுந்தோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. அவற்றின் பிள்ளைகள் எமது வகுப்புகளிலே இருக்கின்றனர். பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், சேலம் என்றோ திருச்சி என்றோ சொல்வர். ஏன் வந்தார் என்றால் விழிப்பர். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதி பெரும்பாலும் அப்பழைய வடபாதையை ஒட்டியே செல்கின்றது. அதில் நாள்தோறும் பேருந்து ஓடுகின்றது; அதைக் காட்டுவதற்கு வழிகாட்டி எவருமில்லை.