தகவல் யாருக்குப் போனது?

பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று இலங்கை அரசு சொன்னதும், 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியைவிட்டு வெளியேறியது. போகாதீங்க என்று சனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். 'ஊழியர் பாதுகாப்பு' என்கிற சொல்லாடலுக்குள் யார் ஊழியர்? உள்ளூர்த் தமிழ் ஊழியர் பலருக்கும் குடும்பத்துக்கும் புலிகள் பாஸ் தரவில்லை, வன்னியிலேயே சிக்கினார்கள்.

2009 ஜனவரியில் உணவு கொண்டுபோன 11ஆவது வாகனத் தொடரணியின் ஆட்கள் சுதந்திரபுரத்தில் தங்கினார்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ராணுவத்திடம் கொடுத்தாயிற்று. அப்படியும் எறிகணை விழுந்தது. ராணுவத்தின் பக்கமிருந்தே வந்ததாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. ஆக, தகவல் பகிரப்படாமலில்லை. சுடுகிறவனுக்குப் போனது, உலகத்துக்குப் போகவில்லை. இதைத் 'தோல்வி' என்கிறது 2012இன் உள்ளக விசாரணை அறிக்கை. எனக்கென்னவோ, அரசுகளின் சங்கமான ஓர் அமைப்பு தன் இயல்புப்படி நடந்துகொண்டதாகவே படுகிறது.

சாவுக் கணக்கும் கையிலிருந்தது. மேலதிகாரிகள் தணிக்கச் சொல்லியும், 2,800 பேருக்குமேல் என்று மார்ச் 13இல் நவநீதம் பிள்ளை வெளியிட்டார். யுத்தம் முடிய இன்னும் இரண்டு மாதமிருந்தது.