எண்ணெய் வயலும் ஒப்பந்தத் தாளும்

எண்ணெய் என்றால் எள்ளும் செக்கும் நினைவுக்கு வரும் குடியிற் பிறந்தவர் நாம். ஆயினும், மும்பையில் வாழும் நம் சங்கத்து அன்பர்களின் வீடுகள் சிலவற்றில் வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்றை நம்பியே அடுப்பெரிகிறது. அவ்வழி பிறந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1908 இல் பாரசீகத்தின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி தோன்றிற்று. பின்னர் அபாதானில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கணக்கெழுதவும் இயந்திரம் பொருத்தவும் கைதேர்ந்தோர் வேண்டுமே! கம்பெனி இந்தியாவை நாடிற்று. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு நம் நாட்டவர் கப்பலேறினர். 1920 டிசம்பரில் அவர்கள் ஊதிய உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கோரி அபாதானில் வேலைநிறுத்தம் செய்தனர். 1922 இல் மீண்டும் போராடியபோது பலர் திருப்பி அனுப்பப்பெற்றனர். ஒப்பமிட்ட தாள் கம்பெனியைக் காத்தது, தொழிலாளியைக் காக்கவில்லை.

அதே ஆண்டு இயற்றப்பெற்ற குடிபெயர்வுச் சட்டம், கடல் கடந்த தோட்டங்களுக்குச் சென்ற கூலிகளையே பெரிதும் கருதியது. 1973 இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயரத் தொடங்கி வளைகுடாவில் வேலை பெருகியபோதும் அப்பழஞ்சட்டமே நின்றது. தமிழகத்திலிருந்து இரயிலேறி வந்த இளைஞர் தாதரில் இறங்கி, விசாவுக்காக விடுதிகளிற் காத்துக் கிடந்தனர். நிலத்தை அடகு வைத்த பணத்தைத் தரகரிடம் இழந்து, ஊர் திரும்ப நாணி, இந்நகரிலேயே தங்கிவிட்டவரும் உளர்.

1983 இல் புதுச் சட்டம் வந்தது. ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெறவேண்டும். குடிபெயர்வோர் பாதுகாவலர் ஒப்பந்தத்தை ஆராய்ந்து அனுமதி தரவேண்டும் என்றாயிற்று. பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கும் இன்று வரம்புண்டு. வரி நீங்கலாக 30,000 ரூபாய்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பத்தாம் வகுப்புத் தேறாதவரே, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அவ்வனுமதி பெறவேண்டும். தேறிய நம்மையொத்தார்க்கு அது வேண்டுவதில்லை; அதனைப் பெருமையென்றே எண்ணுகிறோம். ஆனால், தடையெனத் தோன்றும் அவ்விதியே ஏழையின் ஒப்பந்தத்தை அதிகாரி ஒருவரின் கண்ணிற்படச் செய்கிறது. தேறியவன் தன் ஒப்பந்தத்தைத் தானே படித்தாக வேண்டும். நாமோ படித்துவிட்டோம் என்ற நினைவிலேயே படியாமல் ஒப்பமிடுகிறோம்!

கடல்நடுத் துளைமேடையில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை. எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு, ஓய்வுக்கு ஊதியம் உண்டா, விபத்துக்கு ஈடு யாது, திரும்பும் பயணச் செலவு எவருடையது என்பன யாவும் அத்தாளிலேயே அடங்கியுள்ளன. சுற்றுலா விசாவிற் செல்பவனுக்கோ அத்தாளும் இல்லை.

ஆகவே அன்பர்களே, பயணம் புறப்படும் பிள்ளைக்கு மாலையிடுமுன், அவன் ஒப்பந்தத்தை நம் சங்கத்திற் கொணர்ந்து தமிழில் வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். அபாதானுக்குச் சென்றவர்க்கு வாய்க்காத துணை அதுவே.