கன்னத்து வடுவும் ஐந்து கம்பெனிகளும்

கோன் இச்சிகாவாவின் 'யுகினோஜோ ஹெங்கே' (1963) படத்தைப் பார்த்தவர்கள் அதன் வண்ணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என் கண் மட்டும் ஹசெகாவா கசுவோவின் இடது கன்னத்துக்குப் போய்விடும். கபுகி மேடையில் பெண் வேடம் கட்டும் நடிகன், ஊர்த் திருடன் என இரண்டு வேடமும் ஐம்பது தாண்டிய அவருக்கே. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கால் நூற்றாண்டு பழைய வடு ஒன்று இருக்கிறது.

ஹயாஷி சோஜிரோ என்ற பெயரில் ஷோச்சிக்கு படக் கம்பெனியின் பெரிய நட்சத்திரமாக இருந்தவர் அவர். 1937இல் டோஹோவுக்கு மாறினார். அந்த நவம்பரில், கியோட்டோ ஸ்டுடியோவிலிருந்து வெளியே வந்தவரின் கன்னத்தை ஒருவன் சவரப் பிளேடால் கிழித்தான். முகத்தை வைத்துப் பிழைப்பவரை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவன். ஹசெகாவா பழைய பட்டப் பெயரை விட்டார். மறு வருடமே சொந்தப் பெயரில் நடிக்க வந்துவிட்டார்.

பிளேடு செய்த வேலையைப் பிறகு காகிதம் செய்தது. போர்க்காலத்தில் படத் தயாரிப்பை நிறுத்திய நிக்கட்சு மறுபடி படமெடுக்கக் கிளம்பியதும், தங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். 1953 செப்டம்பரில் ஷோச்சிக்கு, டோஹோ, டாயே, ஷின்டோஹோ, டோயே ஐந்தும் கூடி, ஒருவர் நடிகரை இன்னொருவர் இழுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. வேடிக்கை என்னவென்றால், 1958இல் நிக்கட்சுவும் அதே ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டது.

இரவல் கேட்டு வாங்கலாம், அதற்கும் விலை உண்டு. இயக்குநர் ஓசு 'ஹிகன்பானா'வுக்காக (1958) டாயேயின் நடிகை யாமாமோடோ ஃபுஜிகோவை ஷோச்சிக்குவுக்கு அழைத்துவந்தார். பதிலுக்கு மறு வருடம் டாயேவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

யாமாமோடோ 1950இல் முதல் 'மிஸ் நிப்பான்' ஆனவர். மேலே சொன்ன யுகினோஜோ படத்தில் ஜேப்படிக்காரி ஓஹட்சுவாக வருபவரும் அவரே. அதே 1963இல், ஒப்பந்தம் முடிந்ததும், இனி எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் நடிக்கிறேன் என்றார். டாயே முதலாளி நாகதா மசாயிச்சி விடவில்லை. மற்ற கம்பெனிகளும் கதவைச் சாத்தின. 'ராஷோமோன்' வெளிவந்தது நாகதாவின் கம்பெனியிலிருந்துதான். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 31 வயதில் ஒரு நடிகையின் சினிமா வாழ்க்கையை முடித்துவைத்த கணக்கும் அவர் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

1968இல் அதே நாகதாவிடம் சிக்கியவர் நடிகர் தாமியா ஜிரோ. போஸ்டரில் பெயர் வரிசை பற்றித் தகராறு. வேலை போயிற்று, மற்ற ஸ்டுடியோக்களும் சேர்க்கவில்லை. மறு வருடமே தொலைக்காட்சியில் 'டைம் ஷாக்' என்ற வினாடி வினாவை நடத்தப் போய் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

முதலாளிகளுக்கு இது உறைக்கவே இல்லை. ஜப்பானியத் தியேட்டர்களில் 1958இல் விற்ற டிக்கெட் 112 கோடிக்கு மேல்; 1963இல் 51 கோடி. ஆட்களைக் கொண்டுபோனது தொலைக்காட்சி. தாங்கள் விரட்டிய நட்சத்திரங்களை அந்தப் பெட்டிக்கே அனுப்பிவைத்தார்கள். நடிகர்கள் மிஃபுனேயும் இஷிஹாரா யூஜிரோவும் தங்கள் சொந்த நிறுவனங்களைச் சேர்த்து 'குரோபே நோ தையோ' (1968) எடுத்தபோதும் இந்த ஒப்பந்தம் குறுக்கே வந்தது. படம் வந்தது, நன்றாகவும் ஓடியது.

1971 டிசம்பரில் டாயே திவாலானது. ஒப்பந்தமும் அதே காலத்தில் செத்தது. மேடையிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து நடித்த யாமாமோடோ, சினிமாவுக்கு மட்டும் திரும்பவில்லை.