மிகிந்தலைப் படிகள்

அனுராதபுரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 8 மைல் தொலைவில் உள்ளது மிகிந்தலைக் குன்று. அதன் கருங்கற் படிகள் மொத்தம் 1840 என்பர். அடிவாரத்தில் அகன்று கிடக்கும் படிவரிசை, மேலே செல்லச் செல்ல ஒடுங்கிச் செங்குத்தாகின்றது. விரைந்து ஏறத் தொடங்கும் இளைஞனும் அம்பத்தலையை அடையுமுன் மூச்சுவாங்க அமர்ந்துவிடுவான். அவ்வேளை தான் கையூன்றிய கல்லை அங்கு கொண்டுவந்து பதித்தவன் யார் என்ற வினா அவனுள் எழுமாயின், வரலாற்றுக் கல்வி அவனுக்குத் தொடங்கிவிட்டது எனலாம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பியதீச மன்னன் மகிந்த தேரரைச் சந்தித்த இடம் இதுவென மகாவமிசம் கூறும். அடிவாரத்து வைத்தியசாலையை 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் சேனனோடு தொடர்புபடுத்துவர். மழைநீர் உட்புகாவண்ணம் விளிம்பு செதுக்கப்பட்ட குகைகளிலே, அவற்றைச் சங்கத்திற்கு ஈந்தோரின் பெயர்கள் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. ஈந்தவனின் பெயர் நிலைத்தது. விளிம்பைச் செதுக்கியவனின் பெயர் நிலைக்கவில்லை.

அவ்வுழைப்பு எளிதானதன்று. பாறையில் வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறுக்கிப் பாறையைப் பிளப்பது பண்டைய முறை. பிளந்த கல்லைச் செதுக்கிச் செப்பனிட்டு, சரிவில் ஏற்றி, மட்டம் பார்த்துப் பதித்தல் வேண்டும். அடுத்த படி முன்னைய படியின்மீது அமைவதால், ஒருவனின் பிழை எல்லோரின் உழைப்பையும் குலைக்கும்.

நடுமேடையிலுள்ள அன்னசாலையின் அருகே இரு பெருங் கற்பலகைகள் நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் சிங்களத்திற் பொறிப்பித்த சாசனம் இது. துறவிகளின் ஒழுக்க விதிகளோடு, விகாரைக் கணக்குகளை எழுதிப் பேணிச் சங்கத்தின்முன் வாசிக்கும் முறையையும் இது வகுத்துள்ளது. சமைப்போர், குயவர், வண்ணார், வைத்தியர் எனப் பணியாளர் பலருக்கும் உரிய நெல்லும் நிலமும் இன்னவென இதிற் காணலாம். இங்குத்தான் உழைப்பாளி முதன்முறையாக நம்முன் தோன்றுகிறான். ஆயினும் பெயரோடு அல்லன், தொழிலோடு மட்டுமே.

இச்சாசனத்தை வெறும் தரும சிந்தனையின் சான்றாகக் கொள்ளுதல் குறைபாடுடையது. வெறும் சுரண்டலின் சான்றாகக் கொள்ளுதலும் அத்தகையதே. பணியாளனுக்கு உரியதை எழுத்தில் வைத்தமை ஒரு பாதுகாப்பு என்பதை மறுத்தல் ஆகாது. அதேவேளை, நிலம் சேவையோடு பிணைக்கப்பட்டபோது அந்நிலத்தை உண்பவனும் சேவையோடு பிணைக்கப்பட்டான். இத்தகைய பிணைப்பு பல வடிவங்களில் நெடுங்காலம் நீடித்தது. 1832இல் அரசுக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் விகாரை நிலங்களிற் சேவைக் கடமை தொடர்ந்தது. அக்கடமையைப் பணமாகச் செலுத்த வழிசெய்யும் சட்டம் 1870இலேயே வந்தது.

உச்சியிலிருந்து வந்த வழியே திரும்பாது, பாறையைக் குடைந்து அமைத்த நாகபொக்குணை வழியாகச் சுற்றி இறங்கினால், மீண்டும் அக்கற்பலகைகளின் அண்மைக்கே வந்து சேரலாம். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இறங்கும்போது அங்கு சற்று நிற்பார்களாக. மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மனனஞ் செய்தவன் பரீட்சையில் தேறுவான். குயவனுக்கு நிலம் ஏன் அளந்து கொடுக்கப்பட்டது என்று கேட்பவனோ தன் காலத்துக் கூலியையும் நிலத்தையும் பற்றிக் கேட்கக் கற்றுக்கொள்வான். கல்லை வெட்டியவனுக்கு நாம் இன்று செலுத்தக்கூடிய கூலி அக்கேள்வி ஒன்றே.