இந்திய நிலத்தோற்ற வரைபடம்

ஒரு பகுதியின் மேடுபள்ளம், ஆறு, ஏரி, சாலை, ஊர் ஆகியவற்றை உரிய அளவில் காட்டும் படம் நிலத்தோற்ற வரைபடம் எனப்படும். இந்தியாவில் இதை வெளியிடுவது 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை.

வரலாறு

தொடக்ககாலப் படங்கள் பெரும்பாலும் வழிநெடுக அளந்த தூரக் கணக்கை நம்பியிருந்தன. தூரம் கூடக்கூடப் பிழையும் கூடியது. இதைத் தவிர்க்க நில அளவையாளர் வில்லியம் லாம்டன் முக்கோண முறையைக் கையாண்டார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அவற்றின்மேல் அடுத்த முக்கோணங்களை அமைக்கலாம். முதற்பக்கமான அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் 12 கி.மீ. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

கோணம் அளந்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டனே அதைச் செப்பனிட்டார். 1823இல் அவர் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியை இமயமலை அடிவாரம்வரை கொண்டுசென்றார். இந்த அளவீட்டின் தொடர்ச்சியாகவே, ராதாநாத் சிக்தாரின் கணக்கீடுகளைக் கொண்டு எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது.

படிக்கும் முறை

பழைய தாள்களில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறித்தது. மெட்ரிக் முறைக்குப்பின் 1:50,000 அளவு வந்தது. இதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். தாள் எண் இடத்தைச் சொல்லும். 58 கே/1 என்பதில் 58 நான்கு பாகைச் சதுரத்தையும், ‘கே’ அதனுள் ஒரு பாகைச் சதுரத்தையும், 1 அதனுள் 15 கலைச் சதுரத்தையும் குறிக்கும். அது மதுரைப் பகுதி.

பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படும். அவை நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு. நீர்நிலை நீலம், காடு பச்சை, விளைநிலம் மஞ்சள்.

இன்றைய நிலை

மேற்சொன்ன முக்கோண அளவீட்டின் அடிப்படையில் 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த புவிவடிவக் கணக்கே நெடுங்காலம் இப்படங்களுக்கு ஆதாரமாக இருந்தது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கைப்படி, பொதுமக்களுக்கான தாள்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் புவிவடிவ ஆதாரத்துக்கு மாறின. ஆதாரம் மாறினால் ஒரே இடத்தின் எண்களும் சற்று மாறும். ஆகவே ஜி.பி.எஸ். காட்டும் அட்சதீர்க்கரேகை எண்களைப் பழைய தாளில் குறிக்குமுன் உரிய திருத்தம் செய்ய வேண்டும்.