தம்பிக்குள் இருக்கும் ‘தம்’

துருக்கியின் தென்மேற்கு மலைச்சரிவுகளில் லிசிய மக்கள் பாறையைக் குடைந்து கல்லறைகள் அமைத்தார்கள். கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்லறை வாசகங்களில் ‘லதி எஹ்பி’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ‘தன் மனைவிக்கு’ என்பது அதன் பொருள். லிசிய மொழி என்றோ வழக்கொழிந்துவிட்டது. ஆனால் உறவைச் சொல்லும் இடத்தில் நின்றதால், ‘எஹ்பி’ என்னும் உடைமைச் சொல்லை இன்றும் ஐயமின்றிப் படிக்க முடிகிறது.

தமிழிலும் உடைமையின் பழைய தடங்கள் உறவுப் பெயர்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கிள்ளான் கடைத்தெருவில் யாரையும் ‘தம்பி’ என்று கூப்பிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ‘தம்’ இருக்கிறது. தமக்குப் பின் பிறந்தவன் தம்பி. என் தம்பி என்றால் எம்பி, உன் தம்பி என்றால் உம்பி. எந்தை, நுந்தை, தந்தை. எங்கை, நுங்கை, தங்கை என்று வரிசை நீளும். யாய் என் தாய், ஞாய் உன் தாய். மூன்றாமவருடைய அன்னைதான் தாய். இவற்றில் படர்க்கை வடிவங்களே பொதுப்பெயர்களாகப் பிழைத்தன. அதனால்தான் இன்று ‘என் தந்தை’ என்று இன்னொரு உடைமைச் சொல்லையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘என்’ என்பதும் பழையதே. அது ‘யான்’ என்பதன் வேற்றுமை வடிவம். பேச்சில் யானின் இடத்தை நான் பிடித்துக்கொண்ட பிறகும் ‘என்’ அசையவில்லை.

ஆறாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் தரும் உருபு ‘அது’. எனது வீடு சரி. எனது மகன் என்பதை மரபிலக்கணம் ஏற்காது. உடைமைப் பொருள் உயர்திணையானால் அந்த உருபு நிற்காது, ‘கு’ வரும் என்பது விதி. பெற்ற பிள்ளையை வீடு, நிலத்தோடு ஒரே வரிசையில் வைக்காத நுட்பம் அது. மேடைப் பேச்சுகளில் ‘எனது தந்தையார்’ என்று கேட்கும்போதெல்லாம் அந்த விதிக்காக மனம் வருந்துகிறது.

‘உடைய’ என்பதன் கதை வேறு. ‘உடை’ என்னும் சொத்துடைமைச் சொல்லே தேய்ந்து உருபாயிற்று. பேச்சில் ‘என்னோட’ வரை வந்துவிட்டது. இதே பயணத்தை பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மலாயிலும் கேட்கலாம். ஏட்டு மலாயில் ‘ரூமா சாயா’, அதாவது என் வீடு. லிசியம்போல உடையவர் பின்னால் வருகிறார். கடைத்தெரு மலாயில் அதுவே ‘சாயா புன்யா ரூமா’. ‘புன்யா’ என்றால் உடைமையாகக் கொண்டிருத்தல். சொல்லுக்குச் சொல் அது ‘என்னுடைய வீடு’தான்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நம் வீடு, ‘ரூமா கித்தா’. சேர்க்காவிட்டால் எங்கள் வீடு, ‘ரூமா காமி’. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை வீட்டிலும் வகுப்பிலும் இரு மொழிகளிலும் பழகுகிறார்கள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைத் தனிநாயகம் அடிகள் கூட்டிய இந்தக் கோலாலம்பூரில், தமிழ், மலாய் உடைமைச் சொற்களை அருகருகே வைத்து ஆராய வேண்டிய பணி நம்முடையது.